ஒரே நிகழ்ச்சியை முப்பது நாற்பது ஆண்டு நடத்துகிறவர்களிடம் அப்படி என்ன இருக்கிறது?

கானாடுகாத்தான் வாசகன் எழுதியது:

தொலைக்காட்சியில் முகங்கள் வந்து போய்க்கொண்டே இருக்கின்றன. ஆனால் சில நாடுகளில் பரிசுப் போட்டி நடத்துகிறவர் மட்டும் ஒரு தலைமுறைக்கே வீட்டு மனிதராகிவிடுகிறார். அமெரிக்காவில் பாப் பார்க்கர், பொருள்களின் விலையைச் சொல்லச் சொல்லும் ‘தி பிரைஸ் இஸ் ரைட்’ நிகழ்ச்சியை 1972 முதல் 2007 வரை நடத்தினார். பேட் சஜாக் 1981 டிசம்பர் கடைசியில், சக்கரம் சுற்றி மறைந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடிக்கும் ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’ மேடையேறி 2024 ஜூனில்தான் விடைபெற்றார். அலெக்ஸ் ட்ரெபெக் 1984-ல் ‘ஜெப்பர்டி’ வினாடி வினாவை ஏற்றார், 2020 நவம்பரில் இறப்பதற்குப் பத்து நாள் முன்புவரை படப்பிடிப்பில் நின்றார். அவர் நடத்திய பகுதிகள் 8,200-க்கும் மேல்.

நம் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். சன் டிவியில் சரத்குமாரின் ‘கோடீஸ்வரன்’. பிறகு விஜய் டிவியில் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’: 2012-ல் சூர்யா, அடுத்த பருவத்துக்குப் பிரகாஷ்ராஜ், அதற்கடுத்து அரவிந்த்சாமி. 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் பெண்களுக்கென்றே ‘கோடீஸ்வரி’, ராதிகா. எல்லாரும் நன்றாகவே செய்தார்கள். அங்கேயே குடியிருந்தவர் ஒருவருமில்லை.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். வென்றவரைக் கொண்டாட யாராலும் முடியும். அங்கே பணமே பாதி வேலையைச் செய்துவிடும். தோற்றவரை எப்படி அனுப்புகிறார் என்பதில்தான் ஒரு தொகுப்பாளரின் ஆயுள் இருக்கிறது.

‘ஜெப்பர்டி’யின் கடைசிச் சுற்றைக் கவனித்திருக்கிறீர்களா? போட்டியாளர் மூன்று பேரும் தம்மிடமுள்ள தொகையில் பந்தயம் வைத்து, விடையை எழுதி முடித்ததும், மிகக் குறைந்த தொகை வைத்திருப்பவரிடம்தான் முதலில் வருவார்கள். அவர் எழுதியது தவறாக இருந்தாலும் ட்ரெபெக் அவசரப்பட்டு நகர மாட்டார். விடையைப் படிப்பார், அவர் ஏன் அப்படி நினைத்திருக்கக்கூடும் என்று ஒரு வரி சொல்வார், பிறகுதான் அடுத்தவர். 2019 நவம்பரில் ஒளிபரப்பான ஒரு பகுதியில், இந்திய வம்சாவளிக் கல்லூரி மாணவர் ஒருவர் விடை தெரியாமல், விடை எழுதும் இடத்தில் “உங்களை நேசிக்கிறோம், அலெக்ஸ்” என்று எழுதிவிட்டார். கணையப் புற்றுநோய் இருப்பதை ட்ரெபெக் அந்த ஆண்டு மார்ச்சில் அறிவித்திருந்தார். அதைப் படிக்கும்போது அவருடைய குரல் உடைந்தது. ஒரு நொடிதான். நன்றி சொல்லிவிட்டு, அந்த மாணவர் பந்தயம் வைத்த தொகையைப் பார்த்தார்: 1,995 டாலர். மீதம் 5 டாலர். அதையும் முறைப்படி அறிவித்தார். அன்பு அன்பாக இருக்கட்டும், ஆட்டம் ஆட்டமாக இருக்கட்டும் என்கிற அந்த நிதானத்தை நான் வேறு எந்தத் தொகுப்பாளரிடமும் பார்த்ததில்லை.

தமிழில் இப்படி ஒருவர் ஏன் உருவாகவில்லை? உருவாகியும் நாம் கவனிக்கவில்லையா? இந்தச் செட்டிநாட்டு வட்டாரத்து ஆட்கள் கருத்துச் சொல்லுங்கள்.

புதுவயல் அரிசிக்காரன் எழுதியது:

வாசகன் அண்ணே, நீங்கள் ஆளைப் பார்க்கிறீர்கள், நான் ஆட்டத்தைப் பார்க்கிறேன். பார்க்கர் 2007-ல் போனார். அதே ஆண்டு ட்ரூ கேரி வந்தார். நிகழ்ச்சி இன்றும் நடக்கிறது. சஜாக் போனதும் ரயன் சீக்ரெஸ்ட் வந்தார். சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’, ‘ஜெப்பர்டி’ இரண்டையும் யோசித்துக் கண்டுபிடித்தவர் மெர்வ் கிரிஃபின் என்கிற ஒரே ஆள். அவர் பெயரை இங்கே எத்தனை பேர் சொல்வார்கள்? நல்ல ஆட்டத்தில் யாரை நிறுத்தினாலும் நிற்பார். மோசமான ஆட்டத்தில் எவ்வளவு பெரிய நட்சத்திரத்தை நிறுத்தினாலும் ஒரு பருவத்தோடு மூட்டை கட்டிவிடுவார்கள்.

நம்மூர்ப் போட்டிகள் நிலைக்காததற்குக் காரணம் எளிது: ஆட்டத்தை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம், விலைக்கு ஏற்ற வருமானம் வராவிட்டால் நிறுத்திவிடுகிறோம். தொகுப்பாளர் மேல் பழி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கானாடுகாத்தான் வாசகன் எழுதியது:

தம்பி, ஆட்டம்தான் எல்லாமென்றால் ‘ஜெப்பர்டி’க்கு 2021-ல் அவ்வளவு திண்டாட்டம் ஏன்? ட்ரெபெக் போன பிறகு ஒருவர் மாற்றி ஒருவராக விருந்தினர் தொகுப்பாளர்கள் வந்தார்கள். கடைசியில் நிகழ்ச்சியின் தயாரிப்பாளரையே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் முன்பு பேசிய பேச்சுகள் வெளியே வர, ஒரு வாரத்துப் பகுதிகளைப் பதிவு செய்ததோடு விலகினார். ஆட்டம் அதே ஆட்டம், கேள்வி அதே தரம். மக்கள் கேட்டது நம்பிக்கைக்குரிய ஒரு முகத்தை. 2004-ல் அதே போட்டியில் தொடர்ந்து 74 ஆட்டம் வென்ற கென் ஜென்னிங்ஸ் வந்து அமர்ந்த பிறகுதான் அடங்கியது.

இந்தியாவிலும் இதுவே நடந்தது. 2000 ஜூலையில் அமிதாப் பச்சன் ‘கவுன் பனேகா குரோர்பதி’யைத் தொடங்கினார். 2007 பருவத்தை ஷாருக் கான் நடத்தினார். அவரைவிடப் புகழ் உள்ளவர் அப்போது யார்? ஆனாலும் 2010-ல் நிகழ்ச்சி மீண்டும் வந்தபோது அமிதாப்பையே அழைத்தார்கள். கேள்வி, விளக்கு, இசை எல்லாம் அதேதான்.

செக்காலை தையற்கடை எழுதியது:

ஆண்களின் பட்டியலாகவே போகிறதே. குஷ்புவை எப்படி மறந்தீர்கள்?

ஜெயா டிவியில் அவர் நடத்திய ‘ஜாக்பாட்’ போட்டி ஓடிய காலத்தில் எங்கள் கடைக்கு வந்த பெண்கள் பத்திரிகையைக் கொண்டுவந்து மாதிரி காட்டியதில்லை. “ஞாயிற்றுக்கிழமை குஷ்பு போட்டிருந்தாரே, கை அப்படி வேண்டும்” என்பார்கள். கைப்பகுதியில் சரிகை வைத்தது, முதுகில் கயிறும் குஞ்சமும் தொங்கியது, கழுத்தை வெட்டி வேறு துணி கொடுத்துத் தைத்தது என்று ஒவ்வொன்றையும் வாய்ச்சொல்லாகவே விவரிப்பார்கள். அதைக் கேட்டுத் தாளில் வரைந்துகொண்டு வெட்டுவோம். கல்யாணப் புடவைக்கு ரவிக்கை தைக்க வந்த நகரத்தார் வீட்டு ஆச்சிகள்கூட, ஆயுள் முழுக்க ஒரே வெட்டு அணிந்தவர்கள், தயக்கத்தோடு கேட்டிருக்கிறார்கள்.

ரவிக்கைக்காகத்தான் பார்த்தார்கள் என்று இதை யாரும் சிறுமைப்படுத்த வேண்டாம். அவ்வளவு பெரிய நடிகை, எதிரில் நிற்கும் குடும்பத்தலைவியோடு பக்கத்து வீட்டுக்காரர் போலப் பேசினார். அவருடைய தமிழில் பிறமொழி வாடை இருந்தது. அதை மறைக்கவும் இல்லை, அதற்காகக் கூசவும் இல்லை. போட்டிக்கு வந்த பெண் தடுமாறினால், தானும் சேர்ந்து சிரித்து அந்தத் தடுமாற்றத்தை லேசாக்கிவிடுவார். பிறகு நதியா வந்தார், சிம்ரன் வந்தார். நல்ல நடிகைகள்தான். ஆனால் கடையில் யாரும் அவர்கள் பெயரைச் சொல்லி அளவு கொடுக்கவில்லை.

சன் டிவியில் ‘தங்க வேட்டை’ நடத்திய ரம்யா கிருஷ்ணனுக்கு வேறு வகை மிடுக்கு. அவரைப் பார்த்துப் பெண்கள் வியந்தார்கள். குஷ்புவோடு பேசவே ஆசைப்பட்டார்கள்.

பழைய வானொலி, தேவகோட்டை எழுதியது:

தமிழில் ஒருவர் உருவாகவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். உருவானார். பி.எச். அப்துல் ஹமீது.

இந்தப் பக்கத்து வீடுகளுக்குக் கொழும்பு வெளிநாடாகவே தோன்றியதில்லை. எங்கள் ஐயா செட்டியார் தெருவில் கடை வைத்திருந்தவர். கடையை விட்டுத் திரும்பிய பின்னும், முகப்பில் இருந்த வானொலிப் பெட்டி கொழும்பை விட்டு நகரவில்லை. சென்னை, திருச்சி நிலையங்களைவிட இலங்கை வானொலிதான் எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவின் மின்னல் வேகம், ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவு, மயில்வாகனத்தின் கம்பீரம் எல்லாம் இந்த ஊர்க் காதுகளில் படிந்தவை. அப்துல் ஹமீது அந்தப் பள்ளியில் தேறியவர். அங்கிருந்துதான் ‘பாட்டுக்குப் பாட்டு’ சன் டிவிக்கு வந்தது.

அவர் என்ன செய்வார் என்று நிதானமாகச் சொல்கிறேன், பார்க்காத பிள்ளைகளுக்காக. போட்டியாளருக்கு ஓர் எழுத்தைக் கொடுப்பார்; அதில் தொடங்கும் பாட்டை அவர் பாட வேண்டும். அந்த எழுத்தை உச்சரிக்கும் விதத்திலேயே குறிலா நெடிலா என்று ஐயமே வராது. ழகரம், ளகரம், லகரம் மூன்றும் அவர் வாயில் தனித்தனியாக நிற்கும். பாடுகிறவர் சொல்லைப் பிசகாகப் பாடினால் நிறுத்தமாட்டார். முடிந்த பிறகு அந்த வரியைச் சரியான சொல்லோடு தான் ஒருமுறை சொல்வார், திருத்துகிறேன் என்ற தொனியே இல்லாமல். பிறகு படம், இசையமைப்பாளர், கவிஞர், பாடியவர் என்று தாள் பார்க்காமல் வரிசையாக வரும். எழுத்துக்குப் பாட்டு கிடைக்காமல் ஒருவர் திணறி வெளியேறும்போது, அந்த எழுத்தில் தொடங்கும் பாடல் ஒன்றை நினைவூட்டி, “இது உங்களுக்குத் தெரிந்த பாடல்தான்” என்ற மாதிரி அனுப்பிவைப்பார். வாசகன் அவர்கள் ட்ரெபெக்கிடம் வியப்பது எதுவோ, அதுவே இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வானொலியில் முகம் கிடையாது. உச்சரிப்பும் நேர்மையும் மட்டுமே முதல். அந்த முதலோடு தொலைக்காட்சிக்கு வந்தவர் வேறு. சினிமாப் புகழோடு வந்தவர் வேறு. அமெரிக்காவிலும் பில் கல்லன் என்பவர் வானொலியிலிருந்து வந்தவர்தான். இருபதுக்கும் மேற்பட்ட போட்டி நிகழ்ச்சிகளை நடத்தியவர். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால் பாதிக்கப்பட்டது. அவர் அதிகம் நடக்கத் தேவையில்லாதபடி அரங்கை அமைப்பார்கள். பார்வையாளர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே தெரியாது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே ஒரு தேசத்தைச் சிரிக்க வைத்தார். குரலும் கவனமும் போதும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

தேவகோட்டை அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அந்தக் குரலைக் கேட்டால் என் ஆயா சமையலை நிறுத்திவிட்டு வந்து உட்காருவார்.

ஒன்றைக் கேட்கிறேன். கோடி கோடி என்கிறார்களே, அந்தப் பார்க்கர் நடத்திய போட்டியில் அரிசி, சோப்பு, டின் சாமான் இவற்றின் விலையைச் சொன்னால் பரிசாமே. அது நல்ல போட்டி. காரைக்குடிச் சந்தையில் எந்த வாரம் எது என்ன விலை என்று இங்கே எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். அந்த அறிவை ஒருவர் மேடையில் நிறுத்தி மதித்தார் பாருங்கள், முப்பத்தைந்து ஆண்டு அவரைப் பார்த்ததில் அதிசயம் என்ன? தலை நரைத்ததும் 1987-லிருந்து சாயம் பூசுவதையும் விட்டுவிட்டாராம். நிகழ்ச்சி முடியும்போதெல்லாம் நாய் பூனைகளுக்குக் கருத்தடை செய்யுங்கள் என்று சொல்லித்தான் விடைபெறுவாராம். தனக்கென்று ஒரு கொள்கை உள்ள ஆள்.

நம் ஊரில் பெரிய பெரிய வீடுகளில் ஒருவர் இருவராக இருக்கிறோம். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். விளக்கேற்றி முடித்த பிறகு குறித்த நேரத்துக்கு ஒரு குரல் வர வேண்டும். கத்தாத குரலாக இருக்க வேண்டும். இப்போது வருகிற நிகழ்ச்சிகளில் இரண்டு தொகுப்பாளர்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே இருக்கிறார்கள். போட்டிக்கு வந்தவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இமான் அண்ணாச்சி சின்னப் பிள்ளைகளோடு பேசுவது எனக்குப் பிடிக்கும். குழந்தை என்ன சொன்னாலும் காது கொடுத்துக் கேட்கிறார்; அடுத்த கேள்வி அந்தப் பதிலிலிருந்தே பிறக்கிறது.

அழகப்பா மாணவி எழுதியது:

வணக்கம். நான் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கிறேன். இந்த விவாதத்துக்கு நேராகத் தொடர்புள்ள ஒன்றை எழுதுகிறேன்.

இத்தாலியில் மைக் பொஞ்ஜோர்னோ என்று ஒரு தொகுப்பாளர். 1955-ல் தொடங்கிய அவருடைய வினாடி வினாவுக்கு இருந்த கூட்டம் எவ்வளவு என்றால், அந்த நேரத்தில் ஆள் வராது என்று திரையரங்குகளே படத்தை நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சியைக் காட்டின. சிந்தனையாளர் உம்பர்ட்டோ எக்கோ 1961-ல் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இவரிடம் தனித்திறமை எதுவும் இல்லை, அழகோ படிப்போ மேதைமையோ இல்லை, அதனாலேயே பார்க்கிற ஒவ்வொருவரும் தன்னைத் தாழ்வாக உணராமல் அவரை நேசிக்கிறார்கள் என்பது அதன் சாரம். வகுப்பில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது.

எனக்கு எக்கோ சொல்வது பாதிதான் சரியென்று படுகிறது. குஷ்பு அக்காவின் தமிழை மக்கள் ஏற்றதற்கு அது பொருந்தும். ட்ரெபெக்குக்கும் அப்துல் ஹமீது ஐயாவுக்கும் பொருந்தவில்லை. அவர்கள் நம்மைவிட அதிகம் அறிந்தவர்கள் என்று தெரிந்தேதான் பார்க்கிறோம். அறிந்தவர் ஒருவர் நம்மைச் சிறுமைப்படுத்தாமல் பேசினால் வருகிற மரியாதை, சாதாரணமான ஒருவர் பேசினால் வருகிற நெருக்கத்தைவிட நீடிக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம்: இங்கே தொகுப்பு என்பது ஒரு படிக்கட்டாகவே பார்க்கப்படுகிறது. ‘அது இது எது’ நடத்திய சிவகார்த்திகேயன் கதாநாயகனானார். அவர் உழைப்புக்கு அது நியாயமான உயர்வு. ஆனால் அவரைப் பார்த்து வருகிற ஒவ்வொரு இளைஞரும் மேடையைத் தாண்டிப் போகவே வருகிறார். சஜாக் லாஸ் ஏஞ்சலிஸில் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தவர்; அவருக்குச் சக்கரத்தின் பக்கத்து இடமே போய்ச் சேர வேண்டிய இடமாக இருந்தது.

கோட்டையூர் வணிகன் எழுதியது:

நல்ல விவாதம். எல்லாரும் அமெரிக்காவையே பார்க்கிறீர்கள். பிரேசிலின் சில்வியோ சான்டோஸை ஒரு வியாபாரி என்ற முறையில் நான் முன்மொழிகிறேன்.

ரியோ தெருவில், வாக்காளர் அட்டைக்குப் போடும் உறையைக் கூவி விற்ற பையன். விற்கிற வாய் வானொலிக்குப் போனது, பிறகு தொலைக்காட்சிக்கு. 1960-களிலிருந்து ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவருடைய நிகழ்ச்சி. மாதாமாதம் தவணை கட்டுகிற ஒரு திட்டத்தை நடத்தினார்: அட்டையை ஒழுங்காகக் கட்டி முடித்தவர் கடையில் பொருள் எடுத்துக்கொள்ளலாம், நிகழ்ச்சியிலும் பங்கேற்கலாம். கடையும் மேடையும் ஒன்றுக்கொன்று ஆள் அனுப்பின. 1981-ல் சொந்தமாகத் தொலைக்காட்சி நிறுவனமே தொடங்கினார். பணத்தாளைக் காகித விமானமாக மடித்துக் கூட்டத்துக்குள் எறிவார். 2024 ஆகஸ்டில் 93 வயதில் இறந்தார்.

சிலியில் பிறந்த டான் ஃபிரான்சிஸ்கோவும் இப்படித்தான். தந்தை தையற்காரர், ஆடைத் தொழில் கற்க மகனை நியூயார்க்குக்கு அனுப்பினார். மகன் அங்கே கற்றது தொலைக்காட்சி. 1962-ல் தொடங்கிய அவருடைய சனிக்கிழமை நிகழ்ச்சி 2015 வரை ஓடியது. செக்காலை அக்காவுக்கு இந்தச் செய்தி பிடிக்கும்.

இவர்கள் இருவரையும் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: நீடித்தவர்கள் எல்லாரும் நிகழ்ச்சியைத் தம் சொந்தக் கடையாக நினைத்தவர்கள். சம்பளத்துக்கு நிற்கிறவர் கல்லாவை மூடியதும் போய்விடுவார். கடைக்காரர் கடைசி வாடிக்கையாளர் படியிறங்கும் வரை நிற்பார். இங்கே நட்சத்திரங்களை ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம் போட்டு அழைத்து வருகிறார்கள்; அவர்களுக்குப் பழக நேரம் எங்கே இருக்கிறது?

புதுவயல் அரிசிக்காரன் எழுதியது:

கோட்டையூர் அண்ணன் சொல்வதில் ஒரு ஆபத்து உண்டு. கடையும் மேடையும் ஒன்றானால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கா 1950-களிலேயே பார்த்துவிட்டது. ‘ட்வென்டி ஒன்’ என்ற வினாடி வினாவில், விளம்பரதாரருக்குப் பிடித்த முகம் வெல்ல வேண்டும் என்று, வென்றுகொண்டிருந்தவரைத் தெரிந்த கேள்விக்கே தவறான விடை சொல்லித் தோற்கச் சொன்னார்கள். அவரை வென்ற பேராசிரியருக்கு விடைகளை முன்கூட்டியே கொடுத்தார்கள். 1959-ல் நாடாளுமன்றக் குழு முன்பு எல்லாம் அம்பலமானது. 1960-ல் வினாடி வினாவில் மோசடி செய்வதைக் குற்றமாக்கிச் சட்டம் திருத்தினார்கள். அந்த நிகழ்ச்சியை நடத்திய ஜாக் பாரி, தேசிய அளவில் மீண்டும் எழ ஏறத்தாழப் பத்தாண்டு ஆனது.

இதைத்தான் நான் ஆட்டம் என்கிறேன். விதி சுத்தமாக இருந்தால்தான் நடத்துகிறவரின் புன்னகைக்கு மதிப்பு. விதி கெட்டால் ட்ரெபெக்கே நின்றாலும் தேறாது.

(கோடி வென்றாலும் 30 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள், அதன் மேல் கூடுதல் தீர்வை. கையில் வருவது எழுபது லட்சத்துக்கும் கீழே. கனவு காண்கிறவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளவும்.)

கானாடுகாத்தான் வாசகன் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன இந்தக் கதையே என் பக்கத்துக்கும் சாட்சி. அந்த அவமானத்துக்குப் பிறகு அமெரிக்கத் தொகுப்பாளருக்கு நாணயமே முதலீடானது. கேள்வியைப் படித்து முடிக்கும்வரை யாரும் பொத்தானை அழுத்த முடியாது என்ற விதி ‘ஜெப்பர்டி’யில் உண்டு. ஆக, அவர் வாசிக்கும் வேகம் மூன்று பேருக்கும் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஓர் அசை இழுத்தாலும் விழுங்கினாலும் யாருக்கோ அநீதி. ஒரு பகுதிக்கு 61 கேள்விக் குறிப்புகள். ஒரு நாளில் ஐந்து பகுதிகளைப் பதிவு செய்வார்கள். அத்தனையையும் காலையிலேயே படித்து, பிறமொழிப் பெயர்களின் உச்சரிப்பைக் குறித்துவைத்துக்கொண்டு வருவார் ட்ரெபெக். விதியைக் காப்பது காகிதம் அல்ல, அந்தத் தொண்டை.

நாட்டரசன்கோட்டை எழுதியது:

இத்தனை நேரம் யாரும் கம்பன் விழாவைச் சொல்லவில்லை என்பது எனக்கு வியப்பு.

1939-ல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பங்குனியில் மகம், பூரம், உத்திரம் காரைக்குடியில். அத்தத்தன்று எங்கள் ஊரில், கம்பன் சமாதியில் நிறைவு. அந்த மேடையில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊர் இது. குன்றக்குடி அடிகளார் நடுவராக உட்கார்ந்தால், பேசுகிறவர்கள் இரு பக்கமும் எவ்வளவு அனல் கக்கினாலும், தீர்ப்புக்காகக் கூட்டம் கடைசி வரை எழாது. தீர்ப்பில் தோற்ற அணியின் நல்ல வாதங்களை முதலில் எடுத்துச் சொல்லி மதித்த பிறகே முடிவுக்கு வருவது நல்ல நடுவரின் மரபு. சாலமன் பாப்பையா அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனார். பண்டிகை நாளில் அவர் குரல் கேட்காத வீடு உண்டா? எத்தனை ஆண்டாகக் கேட்கிறோம்!

ஆக, நம்மிடம் நீடித்த தொகுப்பாளர் இல்லை என்பதை நான் ஒப்பமாட்டேன். பரிசுப் போட்டிக்குள் தேடுவதால் கிடைக்கவில்லை. தமிழன் கேள்விக்கு விடை சொல்கிறவனைவிட, வாதத்தை நிறுத்துப் பார்க்கிறவரை அதிகம் விரும்பினான். நம் ட்ரெபெக்குகள் அங்கே இருந்தார்கள்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

நாட்டரசன்கோட்டைத் தம்பி சரியாகச் சொன்னார். ஆனால் ஒன்று. நடுவர் மேடையில் எத்தனை பெண்கள்? ‘கோடீஸ்வரி’யில் மதுரைப் பெண் ஒருவர், காதும் கேளாது, பேச்சும் வராது, 2020 ஜனவரியில் கோடி ரூபாய் வென்றார். ராதிகா அவசரப்படுத்தாமல், திரையில் கேள்வி வர, சைகை மொழிபெயர்ப்பு நடக்க, அந்தப் பெண்ணின் நேரத்துக்குத் தன் நேரத்தை மாற்றிக்கொண்டார். ஒரு பருவம்தான் நடந்தது என்றாலும் அதை நான் பெரிய தொகுப்பு என்றே சொல்வேன்.

அழகப்பா மாணவி எழுதியது:

இவ்வளவு அனுபவசாலிகள் இருக்கும்போது கேட்டுவிடுகிறேன். பொங்கல் விடுமுறையில் ஆத்தங்குடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா வைக்கிறோம். நடத்தும் பொறுப்பு என்னுடையது. ஆறு குழு. பெற்றோர் எல்லாரும் எதிரில் இருப்பார்கள். நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய வானொலி, தேவகோட்டை எழுதியது:

வாழ்த்துகள். கேள்விகளை முந்தின நாளே வாய்விட்டுப் படியுங்கள். மனதுக்குள் படித்தால் எங்கே மூச்சு வாங்கும் என்பது தெரியாது. எண், ஆண்டு, பெயர் வருகிற இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். கேள்வி கேட்டு முடித்த பிறகு அமைதியை நிரப்பாதீர்கள். பிள்ளை யோசிக்கும் நேரம் அது. “சீக்கிரம், சீக்கிரம்” என்ற சொல் உங்கள் வாயில் வரவே கூடாது. மைக்கை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் பகரம் வெடிக்காது.

கானாடுகாத்தான் வாசகன் எழுதியது:

தவறான விடை வந்தால் தெளிவாக “இல்லை” என்று சொல்லுங்கள், முகம் சுளிக்காமல். நம் பக்கத்தில் மேடையேறிய பிள்ளையைப் பார்த்ததும் “யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்பது வழக்கம். அன்று அதை மட்டும் கேட்காதீர்கள். வீட்டுப் பெயரைச் சொல்லிவிட்டால், தவறான விடை அந்த வீட்டின் விடையாகிவிடும். பெயரும் வகுப்பும் போதும். மதிப்பெண்ணை அறிவிக்கும்போது, குறைந்த மதிப்பெண் பெற்ற குழுவிலிருந்து தொடங்கி, அவர்கள் சரியாகச் சொன்ன கடினமான விடை ஒன்றை நினைவுபடுத்திவிட்டு மேலே போங்கள்.

கோட்டையூர் வணிகன் எழுதியது:

கூட்டத்திலிருந்து யாராவது விடையைக் கத்திவிட்டால் அந்தக் கேள்வியை ரத்து செய்துவிட்டு மாற்றுக் கேள்வி கேளுங்கள். அதற்கென்று தனியாகக் கொஞ்சம் கையிருப்பு வேண்டும். விடையில் தகராறு வந்தால் நீங்கள் தீர்க்காதீர்கள். பக்கத்தில் ஒரு மேசை போட்டு, அகராதியோடு வேறு ஒருவரை உட்கார வையுங்கள். ‘ஜெப்பர்டி’யிலும் அப்படித்தான், விடையை ஆராய்ந்து சொல்ல நடுவர்கள் தனியாக இருக்கிறார்கள்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

ஆத்தா, ஆறு குழுவுக்கும் ஓலைக் கொட்டானில் சீடையும் மனகோலமும் போட்டு நான் அனுப்புகிறேன். வென்றவர்களுக்கு வேறு பரிசு நீங்கள் கொடுத்துக்கொள்ளுங்கள். கொட்டானைப் போட்டி தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

அழகப்பா மாணவி எழுதியது:

மிக்க நன்றி ஆச்சி. எல்லாருக்கும் நன்றி. மேசையில் உட்கார ஒருவர் வேண்டும். புதுவயல் அண்ணன் வருவீர்களா? விதியைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதியவர் நீங்கள்தான்.

புதுவயல் அரிசிக்காரன் எழுதியது:

வருகிறேன். விடைத்தாளை எனக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டாம். அன்று காலையில், ஒட்டிய உறையில், எல்லார் முன்னிலையிலும் கொடுங்கள். அகராதியை நானே கொண்டுவருகிறேன்.